கறம்பக்குடி ராவுத்தரின் சின்ன எஞ்சின்

பட்டறைத் தம்பிகளுக்கு,

இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்து எத்தனையோ வருஷங்கள் தள்ளிப்போட்டுவிட்டேன். தாளை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மடித்து வைத்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எழுத்து வசப்படாது என்பது ஒரு காரணம். சாமி காரியம் ஒன்று இதில் வருகிறது, அதைப் பற்றி வாய் திறந்தால் கிழவனுக்குப் பக்தி போய்விட்டது என்பார்களே என்ற பயம் இன்னொரு காரணம். நான் இன்றைக்கும் குளித்துத் திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடுவதில்லை. என் வீட்டில் விளக்கேற்றாத அந்தி கிடையாது. அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறான் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாளைக்கு முன் உங்களில் ஒருவரின் கடைக்கு வந்திருந்தேன். யாரோ பழுது பார்க்கக் கொடுத்த பொம்மைக் கார் எஞ்சின் மேசைமேல் இருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதற்கு ஊற்றுகிற எண்ணெய் பாட்டில் வாய் திறந்தபடி பக்கத்தில். நேர் மேலே சாமி படத்துக்கு அகல் எரிந்துகொண்டிருந்தது. நான் பாட்டிலை மூடச் சொன்னேன். "என்ன பெரியவரே, பொம்மைக்குப் போயி இப்புடிப் பயப்படுறீங்க" என்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தோம். அன்று வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தவன், இந்த முறை மடித்து வைக்கவில்லை.

புதுக்கோட்டை ராஜாவின் சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கிணறுகளில் ஆயில் எஞ்சின் இறங்கத் தொடங்கிய காலம். புதுக்கோட்டையில் எங்கள் பட்டறைக்கு ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து எஞ்சின்கள் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். பட்டறையை நடத்தியவரை ஊரே மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டது. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. திருப்புளியின் நுனியை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். உள்ளே எந்தப் புஷ் தேய்ந்திருக்கிறது என்று திறக்காமலே சொல்லிவிடுவார். அவரிடம் வேலைக்கு இருந்தது நானும் செல்லையாவும். செல்லையாவுக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம்.

ஒரு நாள் மதியம் கறம்பக்குடி ராவுத்தர் வந்தார். கடலை வியாபாரி. தோட்டத்து எஞ்சின் வேலையாக ஏற்கெனவே எங்களிடம் வந்து போகிறவர்தான். அன்று பச்சைத் துண்டில் எதையோ சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு சிவப்புக் கார். மேல்மூடியைத் தூக்கினால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு எஞ்சின். சிலிண்டர், பிஸ்டன், சுற்றுச் சக்கரம் எல்லாம் உள்ள நிஜ எஞ்சின்.

செல்லையா எட்டிப் பார்த்தான். "மேஸ்திரி, இத வச்சு எந்தக் கெணத்துல தண்ணி இறைக்கிறது?"

"ஒன் வாயில ஊறுற எச்சிய இறைக்கலாம். அங்கிட்டுத் தள்ளி நில்லு" என்றார் மேஸ்திரி.

ராவுத்தர் சிரிக்கவில்லை. "மலாயாவுல இருந்து வந்தது மேஸ்திரி. எம் மகனோடது."

"அப்புடியா? தம்பி எப்ப வந்தாப்ல?"

"அவன் வரல. பொட்டிதான் வந்துச்சு."

செல்லையா வெற்றிலையைத் துப்ப வெளியே போனவன் உடனே திரும்பி வரவில்லை. ராவுத்தர் காரைப் பார்த்தபடியே பேசினார். "காய்ச்சல்ல போயிட்டான். அங்கனயே அடக்கம் பண்ணிட்டாங்க. ஒத்தப் புள்ள. போன தடவ ஊருக்கு வந்திருந்தப்ப பூராவும் இதப் பத்தித்தான் பேச்சு. ஞாயித்துக்கெழமயானா மைதானத்து நடுவுல கம்பு நட்டு, கம்பியில கட்டி இத ஓட விடுவாங்களாம். அந்தச் சத்தத்த வாயாலயே செஞ்சு காட்டுனான். நாந்தான், கல்யாணம் பண்ற வயசுல பொம்மைக்குக் காசக் கரியாக்குறியேடான்னு வஞ்சுபுட்டேன்."

காரை மேஸ்திரி பக்கம் நகர்த்தினார். "ஒரு தடவ ஓட விட்டுக் காட்டுங்க. அவன் ஆசப்பட்டது என்னன்னு நான் கேட்டுர்றேன். அப்பறம் பொட்டியில வச்சுப் பூட்டிருவேன்."

"ஓட விட்டுருவோம் ராவுத்தரே" என்றார் மேஸ்திரி.

தம்பிகளே, எஞ்சினைத் திறந்து பார்க்காமல் மேஸ்திரி யாருக்கும் வாக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்று கொடுத்தார். நானும் அந்த இடத்தில் இருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் கண் கலங்கி நிற்கிற மனிதரிடம் கொடுக்கிற வாக்கு, அதற்கப்புறம் நம் வேலையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். எங்கே நின்று யோசிக்க வேண்டுமோ அங்கே நிற்க விடாது. இதை நான் அப்போது உணரவில்லை.

எஞ்சின் இறுகிப்போய் இருந்தது. அதற்கு ஊற்றுகிற எண்ணெயில் விளக்கெண்ணெய் கலப்பு உண்டு. ஓடிய பிறகு துடைத்து வைக்காமல் மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் அது பிசின் மாதிரி காய்ந்துவிடும். செல்லையா குறடு ஒன்றை எடுத்துச் சக்கரத்தைப் பிடித்துத் திருகப் போனான். மேஸ்திரி அவன் முழங்கையில் தட்டினார். "அடேய், அது என்ன ஒங்க வீட்டுக் காளமாட்டு மூக்கணாங்கயிறா? மண்ணெண்ணெயில ஊற வை. வழி விடுறப்ப வழி விடட்டும்."

ஊறிச் சக்கரம் கொஞ்சம் அசைந்தது. செல்லையாவுக்குச் சந்தோஷம். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பாக இழுக்க நின்றான். "கயித்த விடு!" என்று மேஸ்திரி போட்ட சத்தத்தில் நானே பதறிவிட்டேன். பிஸ்டனுக்கு மேலே மண்ணெண்ணெய் தேங்கியிருந்தது. காற்றை அமுக்கலாம், எண்ணெயை அமுக்க முடியாது. அந்த வேகத்தில் இழுத்திருந்தால் உள்ளே ஈர்க்குச்சி கனத்தில் இருக்கிற தண்டு வளைந்திருக்கும்.

"பெரிய எஞ்சினு நம்மள அடிச்சிருமோன்னு பயந்து பயந்து தொடுறோம்" என்றார் மேஸ்திரி. "சின்னதுக்குப் பயமே இல்ல. அதனால அத நாம அடிச்சுக் கொன்னுர்றோம்."

அவர் சொன்னதில் எனக்கு மறக்காமல் நிற்பது இதுதான். ஆனால் சின்னதும் திருப்பி அடிக்கும் என்பது அவருக்கும் அன்று தெரியவில்லை.

மகனின் பெட்டியில் காலி எண்ணெய் டின் ஒன்று இருந்தது. அதன் மேலிருந்த இங்கிலீஷை ஒரு வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஈதர். விளக்கெண்ணெயைச் செல்லையா தன் வீட்டிலிருந்தே கொண்டு வந்தான். ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் போட்டுக் காய்ச்சி எடுத்தது. மேஸ்திரி அதில் ஒரு சொட்டைச் சூடான தகரத்தில் விட்டார். கடுகு தாளிக்கிற மாதிரி வெடித்தது. "தண்ணி நிக்கிது. இத ஒன் தலைக்குத் தேயி. அங்கதான் சூடு அதிகம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மருந்துக் கடையில் சுத்தமானதாக வாங்கி வரச் சொன்னார்.

ஈதர் என்பது அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு முன் மயக்கம் கொடுக்கிற மருந்து. தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் கொஞ்சம் வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது மேஸ்திரியிடம் சொன்னார்: "நெருப்பு இருக்கிற எடத்துல தொறந்துறாதீங்க. இதோட ஆவி மேல போகாது. தரையோட தரையா தவழ்ந்து போயி நெருப்பப் புடிச்சுக்கிட்டுத் திரும்பி வரும்."

மேஸ்திரி அந்தச் சொல்லை அலட்சியம் செய்யவில்லை. இதை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கக் குறித்த நாளில் உலைக்களத்தை அவரே தண்ணீர் ஊற்றி அவித்தார். கரியைக் கிளறிக் கிளறி, கையை வைத்துப் பார்த்தார். பீடி பிடிக்கிறவர்களை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். செல்லையாவின் மடியிலிருந்த தீப்பெட்டியைக்கூட வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "ஒரு பொறி இருக்கக் கூடாது" என்று எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை.

வெள்ளிக்கிழமை. ராவுத்தர் ஜும்மா தொழுகை முடிந்து நேராக வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. ஆடிக் காற்று வெளியே புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குள் மண் போய்விடக் கூடாதென்று கதவுகளை ஒருக்களித்துச் சாத்தியிருந்தோம். காரை மேசையில் கட்டையோடு சேர்த்து இறுக்கியிருந்தோம். நான் எண்ணெயை ஊற்றினேன். வாய் குறுகலான டேங்க், கொஞ்சம் வழிந்தது. எண்ணெய் டின்னை மேசைக் காலோரம் தரையில் வைத்தேன். அந்த ஈதர் வாசனை தித்திப்பாக இருக்கும். தலை லேசாகச் சுற்றியது. செல்லையா, "கள்ளுக்கடையில நிக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

"எல்லாம் ஆச்சா?" என்றார் மேஸ்திரி.

"ஆச்சு மேஸ்திரி" என்றேன்.

அவர் மாடத்திலிருந்து பித்தளைத் தட்டை எடுத்தார். கழற்றிப் பூட்டிய எஞ்சின் எதுவாக இருந்தாலும் முதல் சுற்றுக்கு முன்னால் பொட்டு வைத்துச் சூடம் காட்டுவது எங்கள் பட்டறை வழக்கம். எஞ்சின்காரர் யார், எவர் என்று பார்ப்பதில்லை. ராவுத்தரின் தோட்டத்து எஞ்சினுக்கும் அப்படிக் காட்டித்தான் அனுப்பியிருக்கிறோம். அவரும் கைகட்டி ஒதுங்கி நின்று, முடிந்ததும், "ஒங்க சாமியும் பாத்துக்கிட்டும், எங்க அல்லாவும் பாத்துக்கிட்டும்" என்பார். கிணற்று எஞ்சினில் ஊற்றுகிற டீசல் சூடத்துக்கெல்லாம் பற்றாது. அதனால் அந்தத் தட்டை யாரும் எந்த நாளும் பயந்து பார்த்ததில்லை.

உலையை அவித்த அதே மனிதர், செல்லையாவிடமிருந்து பிடுங்கிய அதே தீப்பெட்டியை எடுத்து, சூடத்தை ஏற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். செல்லையா கன்னத்தில் போட்டுக்கொண்டான். எங்கள் மூன்று பேர் கண்ணுக்கும் அது நெருப்பாகத் தெரியவே இல்லை. சாமி காரியமாகத்தான் தெரிந்தது.

தட்டு ஒரு சுற்று வந்தது. அடுத்த சுற்று முடியவில்லை. பெரிய சத்தம்கூட இல்லை. ஈரத் துணியை உதறுகிற மாதிரி ஒன்று கேட்டது. மேசையும் மேசைக்குக் கீழே தரையும் நீலமாகிவிட்டன. கார் எரிந்தது. டின்னின் வாயில் தீ நின்றது.

செல்லையா பானைத் தண்ணீரைத் தூக்கி ஊற்றினான். "ஊத்தாதடா!" என்று நான் கத்துவதற்குள் ஊற்றிவிட்டான். எரிகிற எண்ணெய் தண்ணீர்மேல் ஏறிக்கொண்டு தரையெல்லாம் ஓடியது. உலையை அவித்தபோது நனைத்த கோணிச் சாக்கு என் காலடியில் கிடந்தது. அதை எடுத்தேன். அந்தக் கணத்தில் எனக்கு முன்னால் இரண்டு இருந்தன. மேசைமேல் கார். தரையில் டின். எண்ணெய் அதிகம் இருந்தது டின்னில். அது வெடித்தால் அந்தச் சாத்திய அறையிலிருந்து ஒருவரும் வெளியே போக மாட்டோம். சாக்கை டின்மேல் போட்டு அதன்மேலேயே விழுந்து அமுக்கினேன்.

நான் அமுக்கிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியின் குரல் கேட்டது. "ராவுத்தரே, விட்டுருங்க! விட்டுருங்க அத!"

ராவுத்தர் இரண்டு கையையும் தீக்குள் விட்டுக் காரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அது கட்டையோடு போல்ட் போட்டு இறுக்கியது. வராது. வராததை அவர் விடவும் இல்லை. மேஸ்திரி அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்துச் சாய்த்த பிறகுதான் கை விலகியது. விளக்கெண்ணெய் தோலில் ஒட்டிக்கொண்டு எரிந்தது. நான் என் வேட்டியை அவிழ்த்து அவர் கைகளில் சுற்றி அணைத்தேன்.

மிச்சத் தீயை மண்ணள்ளிப் போட்டு அணைத்த செல்லையா, மைக்கூட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அப்போதெல்லாம் தீப்புண்ணுக்குப் பேனா மை ஊற்றுவார்கள். மேஸ்திரி அவனைத் தள்ளிவிட்டு, பச்சைத் தண்ணீரை மட்டும் கைமேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்படியே குதிரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டியில் ராவுத்தர் கேட்டது ஒன்றே ஒன்று. "அது என்னாச்சு தம்பி? எரிஞ்சு போச்சா?"

டின்னா, மனிதரா என்று பிற்பாடு பல பேர் என்னிடம் கேட்டார்கள். டின்தான். இன்று அதே இடத்தில் நின்றாலும் டின்மேல்தான் விழுவேன். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். செய்தது சரி என்று தெரிந்தும் தூக்கம் வராத இரவுகள் உண்டு என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். இந்தத் தொழிலில் அதுவும் ஒரு பாகம்.

ஊர் பேசியது. வேற்று மதத்தார் பொருளுக்குச் சூடம் காட்டியதைச் சாமி ஏற்கவில்லை என்றார்கள் எங்கள் தெருவில். இறந்தவன் விளையாட்டுச் சாமானை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டதற்குக் கிடைத்த தண்டனை என்று கறம்பக்குடிப் பக்கம் சிலர் சொன்னார்களாம். ஈதரைப் பற்றி இரண்டு பக்கமும் ஒருவரும் பேசவில்லை. மனசாரச் சொல்கிறேன், சாமிமேல் பாரத்தைப் போடலாம். நம் கவனக் குறைவைச் சாமிமேல் போடக் கூடாது. அது பெரிய பாவம்.

புண் ஆறிய பிறகு மேஸ்திரி என்னையும் கூட்டிக்கொண்டு கறம்பக்குடிக்குப் போனார். ராவுத்தர் வாசலுக்கு வந்தார். விரல்கள் உள்ளே மடங்கி, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

"வாங்க மேஸ்திரி, வாங்க தம்பி. கையெடுத்துக் கும்புட முடியல. கோவிச்சுக்காதீங்க" என்று சிரித்தார்.

மேஸ்திரி அழுதுவிட்டார். ராவுத்தர் அதைப் பார்க்காத மாதிரி உள்ளே திரும்பி, "புள்ள, ரெண்டு பேருக்கு எலை போடு" என்று மனைவியிடம் குரல் கொடுத்தார். சாப்பிடும்போது அந்த அம்மா கதவு மறைவில் நின்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மத்ததெல்லாம் சமாளிச்சுக்கிறாங்க தம்பி. தொழுது முடிச்சு துஆ கேக்கக் கைய ஏந்துனா உள்ளங்கை விரிய மாட்டேங்குது. அன்னிக்குப் பூரா பேச மாட்டாங்க." மேஸ்திரி இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

கிளம்பும்போது ராவுத்தர் கேட்டார். "எஞ்சினு இருக்கா?"

இருந்தது. காரின் தகரம் சூட்டில் நெளிந்து, ரப்பர் டயரெல்லாம் எரிந்துபோயிருந்தது. எஞ்சின் உலோகம், கறுத்திருந்ததே தவிர உள்ளே சேதமில்லை.

"அப்ப ஓடும்ல?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "இனிமே நான் அதத் தொட மாட்டேன். நீ பாரு."

அதற்கப்புறம் பட்டறையில் அவர் சூடம் ஏற்றி நான் பார்க்கவில்லை. கோயிலுக்கும் போவதைக் குறைத்துக்கொண்டார். எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். "எங் கையால வந்துச்சே" என்பார். அவ்வளவுதான். நல்ல வேலைக்காரர் மனதிற்குள்ளேயே தேய்ந்து போனார்.

எஞ்சினை நான் எடுத்தேன். அவசரப்படவில்லை. துடைத்து, கழுவி, எண்ணெய் விட்டு, ஒவ்வொரு திருகையும் கையால் இறுக்கி, கையால் தளர்த்திப் பழகிக்கொண்டேன். காரிலிருந்து கழற்றிக் கனமான புளியங்கட்டையில் பூட்டினேன். பட்டறைக்குள் வேண்டாம் என்று ஊருக்கு வெளியே, நாலு பக்கமும் காற்று போகிற மொட்டைப் பாறைக்குக் கொண்டுபோய், முந்தின நாள் நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். அந்த எஞ்சினின் குணம் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் குடுமியான்மலைக் கோயிலுக்குப் போய்ச் சூடம் காட்டிவிட்டு வந்தேன். ராவுத்தர் வந்தார். செல்லையா மண்வாளியோடு நின்றான். மேஸ்திரி ரோட்டிலேயே நின்றுகொண்டார். பாறை ஏறவில்லை.

செல்லையாவுக்குப் பொறுக்கவில்லை. "பூசை போடாம எடுக்குறியே. பொட்டாச்சும் வைக்கலாம்ல?"

"பொட்டு வச்சாச்சு, பாரு. சூடம் குடுமியான்மலையில காட்டியாச்சு. சாமிக்கு அங்கிருந்தே தெரியும்."

டேங்கை நிரப்பி, டின்னை இறுக மூடி, காற்று வருகிற பக்கமாகக் கூப்பிடு தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, வழிந்ததைத் துடைத்து, துணியையும் அப்புறப்படுத்தினேன். சக்கரத்துக்கு நேரே யாரையும் நிற்கவிடவில்லை. ராவுத்தரைப் பக்கவாட்டில் உட்கார வைத்தேன். அவர் உதடு அசைந்தது. கயிற்றை இழுத்தேன். இருமியது. சிலிண்டர் தலையில் காற்றை அமுக்குகிற திருகை ஒரு மயிரளவு இறக்கி மறுபடி இழுத்தேன். பிடித்துக்கொண்டது.

தம்பிகளே, அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆயிரம் தேனீ ஒரு தகர டப்பாவுக்குள் இருக்கிற மாதிரி. அன்று அந்தப் பாறை முழுதும் அதுதான். ராவுத்தர் மூடிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு எஞ்சினையே பார்த்தார். கண்ணீர் தாடியில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில், நிறுத்தலாமா என்று சைகையில் கேட்டேன். எண்ணெய்க் குழாயை அமுக்கினால் நின்றுவிடும். அவர் தலையை ஆட்டினார். "நீங்க நிறுத்தாதீங்க. தானா நிக்கட்டும்."

இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு ஒரு குணம் உண்டு. டேங்கில் எண்ணெய் தீரப்போகிற நேரத்தில் எண்ணெய் குறைந்து காற்று கூடிப்போகும். சூடு ஏறும். எஞ்சின் மந்தமாகாது. நேர்மாறாக, வேகமெடுக்கும். அதுவரை ஓடாத வேகத்தில் கணீரென்று ஓடும். அப்படி ஓடித்தான் நிற்கும். முந்தின நாள் நான் தெரிந்துகொண்டது இதைத்தான்.

சத்தம் ஏறியது. ராவுத்தர் முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க தம்பி, பாருங்க! இப்பத்தான் வேகம் புடிக்கிது! நல்லாயிருச்சு!"

நான் சொல்லலாமா வேண்டாமா என்று நினைத்தேன். "ஆமாங்க" என்றேன். எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நின்றது.

காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. ராவுத்தர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நிக்கப் போவுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"அதான் பக்கத்துல வந்து உக்காந்தீங்க."

அவர் எஞ்சினைப் பார்த்தபடி சொன்னார். "கடைசி நாளு எம் மகன் எந்திரிச்சு உக்காந்து, கஞ்சி வாங்கிக் குடிச்சு, சிரிச்சுப் பேசுனானாம். கூட இருந்த பயலுக நல்லாயிட்டான்னு நெனச்சு வேலைக்குப் போயிட்டானுக. திரும்பி வந்து பாத்தா முடிஞ்சிருந்துச்சாம். அவனுகளச் சொல்லிக் குத்தமில்ல. தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்திருந்தா பக்கத்துல உக்காந்திருப்பான்."

பாறையை விட்டு இறங்கும்போது அவரை நான் பிடித்துக்கொண்டேன். அவர் கை எதையும் பிடிக்காதல்லவா. ரோட்டில் மேஸ்திரி இல்லை. சத்தம் நின்றதுமே நடந்துவிட்டார் என்று ராவுத்தரைக் கூட்டி வந்த வண்டிக்காரர் சொன்னார்.

எஞ்சின் சத்தம் திடீரென்று உயர்ந்தால், நன்றாக ஓடுகிறது என்று நம்பி வேறு வேலைக்கு நகராதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வித்தை.

இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது மேஸ்திரியைக் குற்றவாளி ஆக்காதீர்கள், ராவுத்தரை மகான் ஆக்காதீர்கள். சாமி தண்டித்தது என்றும் சேர்க்க வேண்டாம், சாமி காப்பாற்றியது என்றும் சேர்க்க வேண்டாம். உலையை அவித்தோம், சூடத்தை ஏற்றினோம், ஒரு தகப்பனின் இரண்டு கையும் போயின. பிறகு அவர் முன்னால் ஒரே ஒரு தடவை அது ஓடியது, அவர் கேட்டார். நான் சொன்னது இவ்வளவுதான். இதில் ஒன்றையும் மாற்றாமல் சொல்லுங்கள்.